எட்டு நாட்டுக்கான பின்சக்கரம்

எட்டு நாடுகளைச் சைக்கிளில் சுற்றி வரப் போகிறவர் முதல் வேலையாக என்ன செய்ய வேண்டும்? சைக்கிள் ஓட்டிப் பழக வேண்டும் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். கோட்டக்காரரின் மச்சான் முதல் வேலையாகக் கடிதத்தாள் அச்சடித்தார். இடது மூலையில் சைக்கிள், வலது மூலையில் சமாதானப் புறா. புறாவின் அச்சு ஒரு கோழிக்கடை விளம்பரத்துக்காக வெட்டி வைத்திருந்தது என்பதால் பறவை கொஞ்சம் கொழுத்திருந்தது. நடுவில் ‘உலக அமைதி மிதிவண்டிப் பெரும்பயணம், எட்டு நாடுகள், ஒரே மனிதர்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

அந்த ஒரே மனிதருக்கு ஊரில் ‘உலகம்’ என்று பட்டப்பெயர். தபால் அலுவலகத்தில் வெளிநாட்டுக் கடிதங்களைப் பிரிக்கும் பகுதியில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். உலக நாடுகளை எல்லாம் தினமும் கையில் பிடித்து அந்தந்தப் பையில் எறிந்தவர் என்பதால், அவற்றையெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரியே பேசுவார். டீக்கடையில் யாராவது மழை இல்லை என்று சொன்னால், எந்த நாட்டில் எந்த மாதம் எத்தனை அங்குலம் பெய்யும் என்று ஆரம்பித்துவிடுவார். உலகம் வருது என்றால் டீயைச் சூட்டோடு குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு.

கோட்டக்காரர் என்பது உலகத்தின் தங்கை கணவருக்கு ஊர் வைத்த பெயர். சைக்கிள் கடை வைத்திருந்தார். சக்கரம் வளைந்து ஆடினால் அதைச் சைக்கிள் கடையில் கோட்டம் என்பார்கள். கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கியும் தளர்த்தியும் அந்தக் கோட்டத்தை எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. சக்கரத்தைச் சட்டத்தில் மாட்டிச் சுற்றவிட்டு, கம்பிகளை விரலால் சுண்டிச் சுண்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். ஒரு கம்பியின் ஓசை மற்றதோடு சேரவில்லை என்றால் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

வீடு மூன்று அறை. முன்னறையில் உலகம். மனைவியைப் பறிகொடுத்துவிட்டு, “நாலு நாள் இருந்துட்டுப் போறேம்மா” என்று தங்கை வீட்டுக்கு ஒரு பெட்டியோடு வந்தார். அந்த நாலு நாள் இப்போது ஏழாவது வருஷத்தில் நடந்துகொண்டிருந்தது. நான்கு சுவரிலும் தேசப்படங்கள். ஜன்னலிலும் ஒன்றை ஒட்டியிருந்ததால் பகலில் ஒரு கண்டத்தின் வழியாகத்தான் வெளிச்சம் உள்ளே வரும். கோட்டக்காரரின் மகள் கட்டட வரைபடப் படிப்பில் இரண்டாம் வருஷம். வரைபலகையை விரிக்க இடமில்லாமல் சாப்பாட்டு மேசையிலேயே வரைந்தாள். போன பரீட்சைக்கு அவள் கொடுத்த மூன்று மாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் எண்ணெய்க் கறை இருந்தது. “கசிவுக்கு என்ன ஏற்பாடு?” என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆனால் யாரும் வாயைத் திறக்க முடியாது. காரணம் இருந்தது. அப்பா அம்மா போனபிறகு தங்கையை வளர்த்து ஆளாக்கியவர் அந்த அண்ணன்தான். அவளுக்குத் தலை வாரிப் பின்னல் போடக்கூடக் கற்றுக்கொண்டவர். அவளைக் கரையேற்றும்வரை தனக்கு ஒரு கல்யாணம் என்ற பேச்சையே எடுக்காதவர். ஊருக்கு அவர் கேலிப்பொருள். அவளுக்கு அவர் அப்பாவும் அம்மாவும். கோட்டக்காரருக்கு இது தெரியாதா என்ன? தெரிந்ததால்தான் ஏழு வருஷமாக முன்னறைப் பக்கம் திரும்பாமல் பின்வாசல் வழியாகவே வீட்டுக்கு வந்துபோனார்.

ஆகவே, ஒருநாள் சாப்பாட்டு வேளையில், தான் சைக்கிளில் எட்டு நாடு போகப்போவதாக உலகம் அறிவித்தபோது, கோட்டக்காரர் ரொட்டியைக் கையில் பிடித்தபடி, “வண்டி நான் கட்டித் தர்றேன் மச்சான்” என்றார். வாயிலிருந்ததை விழுங்குவதற்குள் வந்த வார்த்தை அது. மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்திருப்பாள். மகள் மாமாவைப் பார்க்காமல் முன்னறைக் கதவைப் பார்த்தாள்.

ஏற்பாடுகள் அமளிப்பட்டன. அறுபதை நெருங்கும் உடம்பைத் தேற்ற தினமும் ஆறு அவித்த முட்டை, ஒரு சட்டி உருளைக்கிழங்கு. காலையில் மைதானத்தைச் சைக்கிளில் நாலு சுற்று. இரண்டாவது சுற்றிலேயே யாராவது நிறுத்தி விசாரிப்பார்கள், மீதி இரண்டு சுற்றும் பேச்சில் போய்விடும். தங்கை லாரித் தார்ப்பாயை வெட்டி, தண்ணீர் புகாதபடி நாலு பை தைத்தாள். மூன்று ஊசி உடைந்தது, கட்டைவிரல் பிளந்தது. பைகளில் கூடாரம், ஸ்டவ், மாற்றுச் செருப்பு, கம்பளி, எட்டு நாட்டு மந்திரிகளுக்குக் கொடுக்க எட்டு நினைவுப் பரிசு. நினைவுப் பரிசெல்லாம் பித்தளை. ஸ்டவ்வைவிட அவைதான் கனம்.

வணிகர் சங்கத் தலைவர் உள்ளே நுழைந்தது அப்போதுதான். டயர் வியாபாரி. மேடை என்றால் மனிதருக்குத் தூக்கத்திலும் ஒலிபெருக்கிக்குக் கை நீளும். பயணத்துக்குத் தானே புரவலர் என்று அறிவித்தார். மறுநாள் காலை பத்து மணிக்குப் பத்திரிகைக்காரர்கள் படமெடுக்க வருகிறார்கள் என்றும், வண்டி அதற்குள் தயாராக இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, அன்று சாயங்காலம் பட்டுத்துணியில் சுற்றி ஒரு வெளிநாட்டு ஹப்பைக் கொண்டுவந்து கடையில் வைத்தார். சக்கரத்தின் நடுவே அச்சு ஓடுகிற பாகம்தான் ஹப். அதில் தன் கடைப் பெயரைப் பொறித்திருந்தார்.

பின்சக்கரத்துக்கு முப்பத்தாறு கம்பிகளைக் கோட்டக்காரர் முன்பே அளந்து வெட்டி, மரை போட்டு வைத்திருந்தார். அது பழைய ஹப்புக்கான அளவு. புது ஹப்பில் கம்பிகள் கோக்கும் தட்டு சிறியது. தட்டு சிறுத்தால் கம்பி நீள வேண்டும். இது அவர் கடை திறந்த முதல் மாதத்தில் கற்ற பாடம். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து உலக அமைதியைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்ததில், கை பாட்டுக்குக் கோத்துக்கொண்டே போய்விட்டது. சக்கரம் என்னவோ நாணயம் மாதிரி நேராகச் சுற்றியது. சுண்டினால் முப்பத்தாறும் ஒரே குரலில் பாடின.

தலைவர் போனபிறகு ரிம்மின் உள்பக்கம் ரப்பர்ப் பட்டை சுற்றும்போதுதான் கண்ணில் பட்டது. கம்பியின் முனையைப் பிடித்திருக்கும் பித்தளைத் திருகை நிப்பிள் என்பார்கள். கம்பி முனை அந்த நிப்பிளின் தலை மட்டத்துக்கு வந்து நிற்க வேண்டும். இங்கே எல்லாம் உள்ளே பள்ளத்தில் கிடந்தன. பிடித்திருந்தது நாலே நாலு மரை. சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வர அது போதும். நாலு பை, ஒரு பெரிய உடம்பு, எட்டுப் பித்தளைப் பரிசு இவற்றோடு மலை இறக்கத்தில் வேகமாக வரும்போது ஒரு நிப்பிளின் தலை தெறித்தால், அடுத்தது அடுத்தது என்று வரிசையாகப் போகும். முதல் மலை இறக்கம் ஊரிலிருந்து நாற்பதாவது கிலோமீட்டரில் இருந்தது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே கிடையாது.

நீளக் கம்பிக்கு எழுதிப் போட்டால் வந்து சேரப் பத்து நாள். பழைய ஹப்பையே போட்டால் தலைவர் கடைப் பெயர் படத்தில் வராது. காலையில் படமெடுக்க வேண்டும். படம் எடுத்து முடியட்டும், பிறகு பிரித்துக் கட்டலாம் என்று சொல்லிக்கொண்டுதான் பட்டையை எடுத்தார். அப்போது கடைக்கு மகள் வந்தாள், கையில் அளவு நாடா. முன்னறையை அளந்து பார்த்தாளாம். ஜன்னலோரமாகப் பலகையைப் போட்டால் இடது பக்கத்து வெளிச்சம் சரியாக விழுமாம்.

“மாமா போய்ட்டு வர எத்தனை மாசம் ஆகும்பா?”

“ஒரு வருஷம் சொல்றாரு.”

“வந்தா மறுபடி அங்கேயேதான் இருப்பாராப்பா?”

கோட்டக்காரர் ரிம்மை மடிக்கு இழுத்தார். பட்டையை இழுத்துச் சுற்றினார். நிப்பிள்கள் மறைந்தன. அதன்மேல் டியூப், அதன்மேல் தலைவர் கொடுத்த டயர். காற்றடித்தார். எந்த எண்ணத்தில் அந்தப் பட்டையைச் சுற்றினோம் என்று பிற்பாடு அவர் தன்னையே எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டார். படத்துக்காகவா, அறைக்காகவா? ஒவ்வொரு தடவையும் படத்துக்காகத்தான் என்று பதில் வந்தது. பதில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்தது.

படம் எடுத்த கையோடு, பொதுமக்கள் பார்வைக்கு என்று சைக்கிளை வங்கிக் கூடத்தில் கண்ணாடித் தடுப்புக்குள் நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் ஒரு பெரிய நோட்டு, வாழ்த்துக் கையெழுத்துக்கு. கோட்டக்காரர் மறுநாளே போய், ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது, வண்டியை ஒருநாள் கொடுங்கள் என்று மேலாளரிடம் கேட்டார். சாவி தலைவரிடம் இருக்கிறது என்றார் மேலாளர். தலைவரிடம் போயிருக்கலாம். போகவில்லை. கம்பிக்காவது எழுதிப் போட்டிருக்கலாம். எழுதவில்லை. எழுதினால் எதற்கு என்று தனக்கே சொல்ல வேண்டியிருக்கும். மச்சானால் மலைவரைக்கும் மிதிக்க முடியாது, பத்தாவது கிலோமீட்டரில் திரும்பிவிடுவார் என்று ஒருநாள் சமாதானம் சொல்லிக்கொண்டார். திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்ததும் அதற்கும் மனசு சுணங்கியது. அந்தச் சுணக்கம்தான் அவரை வெட்டியது. தன் மனசு இப்படியும் இருக்கும் என்று அறுபத்தைந்து சதுர அடி அறைக்காக அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ராச்சாப்பாடு பாதியிலேயே நின்றது. மனைவி, அண்ணன் பிரியப்போகும் துக்கம் இவருக்கும் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, இன்னொரு ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

புறப்பட இரண்டு நாள் இருக்கையில் வண்டியை வெளியே விட்டார்கள். உச்சி வெயிலில் அதை உருட்டிக்கொண்டே உலகம் கடைக்கு வந்தார். ஏறி வரவில்லை, உருட்டித்தான் வந்தார். தெருவில் ஈ காக்கை இல்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மாப்ளே, இந்தப் பின்சக்கரம் லேசா ஆடுற மாதிரி இல்ல?”

கோட்டக்காரருக்கு ரப்பர்ப் பட்டைதான் ஞாபகம் வந்தது. கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தார். வண்டியைக் கவிழ்த்துச் சுற்றிவிட்டார். ஆடவில்லை.

“ஆடலையே மச்சான்.”

“நல்லாப் பாருங்க. பிரேக்கு? செயினு? சட்டத்துல எங்கயாச்சும் கீறல் இருக்கா?”

“எல்லாம் நல்லா இருக்கு.”

“எதுலயும் ஒண்ணுமே இல்லையா?”

கேட்ட குரலில்தான் கோட்டக்காரர் நிமிர்ந்து பார்த்தார். டாக்டரிடம் போய் எனக்கு என்ன நோய் என்று கேட்காமல், ஏதாவது ஒரு நோய் இருக்கக்கூடாதா என்று கேட்கிற, லீவு தேடும் குமாஸ்தாவின் முகம் அது.

“நேத்து மாடிப்படி ஏறும்போது முட்டி லேசாப் பிசகுச்சு,” என்றார் உலகம். “அதைச் சொன்னா சிரிப்பாங்க. வண்டில ஏதாச்சும்னா யாரும் சிரிக்க முடியாது பாருங்க.” கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “மாப்ளே, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. அந்த எட்டு நாட்டுல ஒரு பாஷைகூட எனக்குத் தெரியாது. வழியில விழுந்து கெடந்தா தண்ணின்னு எப்படிக் கேக்கறதுன்னு தெரியாது. நான் கவர் மேல இருக்கிற பேரைப் படிச்சவன். உள்ள இருக்கிறதைப் படிச்சவன் இல்ல.”

இத்தனை வருஷத்தில் அவர் பேசிய பேச்சிலேயே தம்பட்டம் இல்லாத பேச்சு அதுதான். கேட்டது வேறு எதுவும் இல்லை, ஒரே ஒரு குறை. அந்தக் குறை இரண்டடி தூரத்தில், ரப்பர்ப் பட்டைக்கு அடியில் இருந்தது. கையை நீட்டி எடுத்துக் கொடுத்தால் போதும். கொடுத்தால் மச்சான் பிழைப்பார். ஆனால் கோட்டக்காரர் என்ற பேர் போகும். பதினாறு நாளாகத் தெரிந்தே மறைத்தவன் என்ற பேர் வரும். முன்னறையில் தேசப்படங்கள் அப்படியே இருக்கும்.

“இந்தச் சக்கரத்துல ஒரு குறையும் இல்ல மச்சான்,” என்றார் கோட்டக்காரர்.

“ஆமா ஆமா. நீங்க கட்டினதாச்சே. அதுல குறைன்னு சொன்னா இந்த ஊர்ல எவன் நம்புவான்?” உலகம் எழுந்து, பின்சக்கரத்தைக் குழந்தையின் முதுகைத் தட்டுவதுபோல் இரண்டு தட்டு தட்டினார். வண்டியை உருட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

அன்றும் மறுநாளும் கோட்டக்காரர் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. ஒரு பஞ்சரை இரண்டு தடவை ஒட்டினார்.

புறப்படும் நாள் காலை வங்கி வாசலில் மேடை. தலைவர் ஏழு மணிக்கு ஒலிபெருக்கியைப் பிடித்தார். எட்டு நாட்டு மக்களும் இந்த நிமிஷம் வாசலில் வந்து நின்று நம் வீரரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். அந்த நாடுகளில் பாதியில் அப்போது எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டிய உலகத்துக்கே அன்று நாக்கு எழவில்லை. தொப்பியும் முட்டிக்கு மேல் நின்ற கால்சட்டையுமாக, வெள்ளையடித்த சுவர் மாதிரி நின்றிருந்தார். மகள் கொடி பிடித்திருந்தாள். வெயில் ஏறுவதற்குள் புறப்பட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே தலைவர் வெயில் ஏறும்வரை பேசினார்.

பேச்சு நடக்கும்போதே உலகத்தின் ஷூ நாடா அவிழ்ந்திருந்தது. முட்டி மடங்காமல் அவர் பாதி குனிந்து நின்றார். தங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். வண்டி சாயாமல் இருக்க ஒரு கையால் பின்சக்கரத்தின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, மறு கையாலும் பல்லாலும் நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டாள். பிளந்த கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

கோட்டக்காரர் எப்போது எழுந்தார், எப்படி மேடையருகே போனார் என்பது அவருக்கே நினைவில்லை. “இந்த வண்டி போகக்கூடாது,” என்றார். ஒலிபெருக்கி அதைப் பிடித்து நாலு தெருவுக்கும் சொன்னது.

எல்லாவற்றையும் சொன்னார். கம்பி குட்டை, தப்பு தன்னுடையது, மலையில் சக்கரம் சிதறும், ஆள் பிழைக்க மாட்டார். சொன்னதோடு நிற்காமல் வண்டியைக் கவிழ்த்து, டயரைக் கழற்றி, பட்டையைப் பிய்த்துக் காட்டினார். தலைவர் எட்டிப் பார்த்தார். அவருக்கு டயர் விற்கத் தெரியுமே தவிர, டயருக்குள் என்ன இருக்கும் என்பது தெரியாது. “நான் குடுத்த ஹப்புல குறைன்னு சொல்ல வர்றீங்களா?” என்றுதான் கேட்டார். முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் தாழ்ந்த குரலில் சொன்னது கோட்டக்காரர் காதிலும் விழுந்தது. “மச்சானுக்குத் தொடை நடுங்குது. மாப்பிள்ளை முட்டுக் குடுக்கிறாரு. கோட்டக்காரர் கட்டின சக்கரத்துல கோட்டமாம். யார்கிட்ட காது குத்தறாங்க?” கேட்டவர் சிரிக்கவில்லை. “இருந்தாலும் தன் பேரையே கெடுத்துக்கிட்டு ஒரு மனுஷன் இப்படிச் செய்வானாய்யா?” என்றார்.

உலகம் வந்து அவரை இறுகக் கட்டிக்கொண்டார். கண்ணீர் கோட்டக்காரரின் கழுத்தில் வழிந்தது. “காலையில கடைக்குக் கொண்டுபோனீங்களே, காத்து அடிக்கணும்னு. அப்பதான எனக்காகக் கம்பியை மாத்தினீங்க?” என்று காதுக்குள் கேட்டார். காற்று அடிக்கக் கால் மணி நேரம் கொண்டுபோனது உண்மைதான். முப்பத்தாறு கம்பியை மாற்ற இரண்டு மணி நேரமாவது ஆகும் என்பது தபால் பிரித்தவருக்கு எப்படித் தெரியும்?

“இல்ல மச்சான், நெஜமாவே நான்…”

“சொல்லாதீங்க. சொல்லவே சொல்லாதீங்க. சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

தலைவர் கையில் ஒலிபெருக்கி இருக்கும்வரை எந்தத் தோல்வியும் தோல்வி ஆகாது. பயணம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்படுகிறது என்றார். அதுவரை வீரர் உள்ளூரிலேயே உலக அமைதியைக் காப்பார் என்றார். கூட்டம் கைதட்டிவிட்டுக் கலைந்தது.

மத்தியானம் வீட்டில் முன்னறை நிறைய ஆட்கள். மாப்பிள்ளை என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று உலகம் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். மகள் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுப் பலகையை விரித்தாள். கோட்டக்காரர் பின்வாசல் வழியாகச் சமையலறைக்குள் வந்தார். மனைவி அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். கொதிப்பதைப் பார்த்தபடியே கேட்டாள்.

“கம்பி நெஜமாவே குட்டைதானா?”

“ம்.”

“எப்பத் தெரிஞ்சுது?”

ஊரில் இத்தனை பேர் இருந்தும் இதைக் கேட்க வேறு ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்று காலையில் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது.

“போட்டோ எடுத்தாங்களே, அதுக்கு முந்தின நாள் சாயங்காலம்.”

அவள் அடுப்பை அணைத்தாள்.

“பாப்பாவுக்கு ரூமு வேணும்னு எனக்குந்தான் இருந்துச்சு. வாயைத் தொறந்து என்னைக் கேட்டிருக்கலாம்ல. நான் அவர்கிட்ட சொல்லியிருப்பேன். சொன்னா, கோச்சுக்கிட்டுப் போயிருப்பாரு. அவ்வளவுதான. உசுரோட போயிருப்பாரு.”

கோட்டக்காரர் சுவரில் சாய்ந்து நின்றார்.

“அவர்கிட்ட போய் உண்மையச் சொல்றேன்னு ஆரம்பிச்சிடாதீங்க,” என்றாள் அவள். டம்ளர்களைத் தட்டில் வரிசையாக வைத்தாள். “உங்களுக்கு மனசு லேசாகணும்னு அவரு தலையில அதைத் தூக்கி வைக்க வேண்டாம். எனக்குத் தெரிஞ்சதோட போகட்டும்.”

முன்னறையிலிருந்து குரல் வந்தது. “மாப்ளே, எங்க போய்ட்டீங்க? இங்க வாங்க. உங்களைப் பாக்கத்தான் வந்திருக்காங்க.”

அவள் டீத்தட்டைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள். அவர் போனார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக முன்னறைக்குள் நுழைந்தவரை எல்லாரும் எழுந்து வரவேற்றார்கள். உலகம் தன் நாற்காலியைக் காலிசெய்து அதில் அவரைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். “நீங்களே சொல்லுங்க மாப்ளே, அந்த நேரத்துல உங்க மனசுல என்ன ஓடுச்சுன்னு. இவங்க உங்க வாயால கேக்கணுங்கிறாங்க.”

கதவோரம் மனைவியும் வந்து நின்றாள், அவளும் கேட்கத்தான் நின்றாள் என்பதுபோல.

கோட்டக்காரர் தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து மச்சானிடம் நீட்டினார்.

“டீ ஆறிடும் மச்சான்,” என்றார். “குடிங்க.”